கப்பலில் ஃபார்மல் நைட்: கோட்டு போடுவதா, பட்டு கட்டுவதா, பஃபேக்குப் போவதா?

புதுச்சேரி, கடலூர் பக்கமிருந்து கப்பல் சுற்றுலாவுக்கு டிக்கெட் போட்டவர்கள் கேட்கிற கேள்விகளில் விசாவுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். "நாலு நாள் கப்பல், அதுல ஒரு ராத்திரி ஃபார்மல்னு போட்டிருக்கு, கோட் சூட் இல்லேன்னா சாப்பாட்டு ஹாலுக்குள்ள விடமாட்டாங்களா?" ஃபார்மல் நைட் என்றால் எல்லாரும் விசேஷ உடையில் சாப்பாட்டு ஹாலுக்கு வருகிற ராத்திரி. ரெட்டியார்பாளையத்தில் ஒரு வீட்டில் சிங்கப்பூர் கப்பலுக்காக அப்பா, இரண்டு பிள்ளைகள் என மூன்று பேருக்கும் கோட் தைக்கக் கொடுக்கத் துணிக்கடை வரை போய்விட்டார்கள். திருப்பாதிரிப்புலியூரில் இன்னொருவர், அந்த ஒரு ராத்திரி அறையிலேயே படுத்துவிடலாம் என்று முடிவு கட்டியிருக்கிறார். இரண்டுமே வேண்டாத வேலை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கப்பலுக்கென்று புதுக் கோட் தைக்காதீர்கள். ஒன்றிரண்டு நிறுவனங்களின் கப்பல்களைத் தவிர வேறு எதிலும் அதற்குத் தேவையே இல்லை, அந்த ஒன்றிரண்டிலும் சுற்றுவழி இருக்கிறது. பெண்களுக்கு இந்தக் கேள்வியே எழாது, பீரோவைத் திறந்தால் விடை தொங்குகிறது. சங்கடமெல்லாம் ஆம்பிளைகளுக்குத்தான், அதனால் கட்டுரையிலும் முக்கால்வாசி அவர்களைப் பற்றியே இருக்கும்.

## மாறியது என்ன

அட்லாண்டிக்கைக் கடந்த பழைய பெரிய கப்பல்களில் முதல் வகுப்புக்காரர்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உடை மாற்றாமல் வரமாட்டார்கள். அந்தக் காலத்திலேயே முதல் ராத்திரிக்கும் கடைசி ராத்திரிக்கும் விலக்கு இருந்தது: முதல் நாள் டிரங்குப் பெட்டியைப் பிரித்திருக்க மாட்டார்கள், கடைசி நாள் எல்லாவற்றையும் கட்டி வைத்திருப்பார்கள். அந்த வழக்கத்தின் மிச்சம் இன்றைக்கும் இருக்கிறது. ஃபார்மல் நைட் பெரும்பாலும் கரை தொடாத கடல் நாளில்தான் வரும், ஏறிய அன்றைக்கே அநேகமாக வராது. ஆகவே முதல் நாள் ராத்திரிக்கு என்ன போடுவது என்று பயப்பட வேண்டாம்.

அப்புறம் விமானக் கம்பெனிகள் பெட்டிக்குத் தனிக் காசு கேட்க ஆரம்பித்தன. குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் கப்பலுக்கு வர ஆரம்பித்தார்கள். எல்லாரும் ஒரே ஹாலில் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது போய், ஒரே கப்பலில் ஏழெட்டு சாப்பாட்டு இடங்கள் வந்துவிட்டன. நார்வீஜியன் என்கிற கப்பல் நிறுவனம் 2000-லேயே 'ஃப்ரீஸ்டைல்' என்று சொல்லி, எப்போது வேண்டுமானாலும் சாப்பிடுங்கள், எதை வேண்டுமானாலும் போடுங்கள் என்று விட்டுவிட்டது. 2015 கடைசியில் செலிபிரிட்டி என்கிற நிறுவனம் தன் ஃபார்மல் நைட்டை எடுத்துவிட்டு 'ஈவினிங் ஷிக்' என்று கொண்டுவந்தது. அதன் பிறகு ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். கூனார்டு நிறுவனம் மட்டும் இறங்கவில்லை, அதுவும் மற்ற ராத்திரிகளில் தளர்த்திக்கொண்டிருக்கிறது.

## எதைப் பார்த்து முடிவு செய்வது

முதலாவது, வாசலில் நிறுத்துவார்களா மாட்டார்களா. விளம்பரத்தில் எல்லாக் கப்பலிலும் ஆண்கள் போ டையோடும் பெண்கள் தரையைத் தொடும் கவுனோடும்தான் நிற்பார்கள், அதைப் பார்த்து முடிவு செய்தால் தொலைந்தோம். உங்கள் கப்பலின் விதியில் 'வேண்டும்' என்று இருக்கிறதா, 'விரும்பினால்' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, அப்படி எத்தனை ராத்திரி. மூன்று நாலு ராத்திரிப் பயணத்தில் ஒன்றுதான் வரும். ஏழு ராத்திரி என்றால் பொதுவாக இரண்டு. கார்னிவல் ஐந்து நாள் வரை ஒன்று, அதற்கு மேல் இரண்டு என்று கணக்கு வைத்திருக்கிறது.

மூன்றாவதுதான் முக்கியம், ஆனால் யாரும் யோசிப்பதில்லை: இஸ்திரி. அறைக்குள் இஸ்திரிப் பெட்டி கொண்டுபோகக் கூடாது, தீப்பிடிக்கும் என்று எல்லாக் கப்பலிலும் தடை. துணிக்கு ஆவி பிடிக்கும் சின்ன ஸ்டீமரையும் பெரும்பாலும் விடுவதில்லை. பெட்டியை ஸ்கேன் செய்யும்போதே எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும் நாளில்தான் திருப்பித் தருவார்கள். கூனார்டு மாதிரி சில கப்பல்களில் துணி துவைத்து இஸ்திரி போட்டுக்கொள்ளத் தனி அறை உண்டு. ராயல் கரீபியன் கப்பல்களில் அது கிடையாது, காசு கொடுத்து அவர்களிடமே போடலாம். சிங்கப்பூரிலிருந்து போகிற நம் ஆட்கள் பலர் ஏறுவது அதில்தான்.

மீதி எல்லாம் சாதாரணக் கணக்கு. பெட்டியில் எவ்வளவு எடை சேரும், திரும்பி வந்த பிறகு நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்தத் துணியை எங்கேயாவது போட முடியுமா, அன்றைக்கு ராத்திரி அதைப் போடாவிட்டால் உண்மையில் எதை இழக்கிறோம்.

நிறுவனங்கள் இப்போது எப்படி என்று ஒரு பார்வை. ஆண்டுக்கு ஆண்டு மாற்றுகிறார்கள், பணம் கட்டும் முன் அவர்களுடைய பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

| நிறுவனம் | அந்த ராத்திரியின் பெயர் | ஆண்களிடம் எதிர்பார்ப்பது | கண்டிப்பு |
|---|---|---|---|
| கூனார்டு | காலா ஈவினிங் | டக்ஸிடோ (பட்டு காலர் வைத்த விருந்துக் கோட் சூட்), அல்லது டையோடு கருநிற சூட்; தேசிய உடையும் ராணுவச் சீருடையும் சரி | உண்டு |
| பி அண்ட் ஓ (பிரிட்டன்) | செலிப்ரேஷன் நைட் (முன்பு பிளாக் டை) | டக்ஸிடோ அல்லது சூட் | ஓரளவு உண்டு |
| எம்.எஸ்.சி | காலா நைட் | சூட் அல்லது ஜாக்கெட் இருந்தால் நல்லது | குறைவு |
| ஹாலண்ட் அமெரிக்கா | டிரெஸ்ஸி நைட் (முன்பு காலா) | காலர் சட்டை, முழு பேண்ட் | குறைவு |
| கார்னிவல் | குரூஸ் எலிகண்ட் | முழு பேண்ட், நல்ல சட்டை. கோட் விருப்பம் | குறைவு |
| ராயல் கரீபியன் | டிரெஸ் யுவர் பெஸ்ட் | இருப்பதில் நல்லது | டைக்கு இல்லை. நீச்சல் உடை, தொப்பி, கையில்லாத பனியன், வெறுங்கால் கூடாது |
| செலிபிரிட்டி | ஈவினிங் ஷிக் | பேண்ட், சட்டை. ஜாக்கெட் விருப்பம் | குறைவு |
| நார்வீஜியன், வைக்கிங் | அப்படி ஒரு ராத்திரியே இல்லை | சுத்தமான சாதாரண உடை | இல்லை |

## வழி 1: புதுக் கோட் சூட் தைப்பது

துணி, கூலி, அதற்கேற்ற சட்டை, டை, கறுப்பு ஷூ, பெல்ட். கோட்டுக்கு மட்டும் கணக்குப் போட்டவர்கள் எல்லாரும் ஷூவில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். எடையைப் பாருங்கள்: கோட், பேண்ட், ஷூ மூன்றும் சேர்ந்து ஆளுக்கு மூன்று கிலோ வந்துவிடும். மூன்று ஆம்பிளைகள் இருக்கிற வீட்டில் ஒன்பது கிலோ, அதாவது ஒருத்தர் பெட்டியில் பாதி. ஸ்கூட் மாதிரி பெட்டிக்குத் தனியாகக் காசு வாங்கும் விமானத்தில் போகிறவர்கள் இந்த எடையைப் போக, வர இரண்டு தடவை கணக்கில் எழுத வேண்டும்.

திரும்பி வந்த பிறகு? கடலூரில் மே மாதக் கல்யாணத்தில் கோட் போட்டு நின்றவர்களைக் கேளுங்கள். மாப்பிள்ளையே முகூர்த்தம் முடிந்து ரிசப்ஷன் வரைக்கும்தான் தாங்குகிறார். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்று வேறு, ஜிப் போட்ட உறைக்குள் ஆறு மாசம் விட்டால் காலர் மடிப்பிலும் அக்குள் பக்கத்திலும் வெள்ளை வெள்ளையாகப் பூசணம் பூத்திருக்கும்.

யாருக்கு இது சரி என்றால், கூனார்டில் போகிறவருக்கு, அதுவும் ஆபீஸ் வேலைக்கோ வெளிநாட்டுக் கூட்டங்களுக்கோ எப்படியும் கோட் தேவைப்படுகிறவருக்கு. கூனார்டின் குயீன் மேரி 2 கப்பல் சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க் போக ஏழு ராத்திரி, அதில் வழக்கமாக இரண்டு காலா ராத்திரி வரும். அன்றைக்கு மாலை ஆறு மணிக்கு மேல் பிரிட்டானியா உணவகத்துக்கும் குயீன்ஸ் ரூம் நடன ஹாலுக்கும் போக உடை சரியாக இருந்தாக வேண்டும். உண்மையில் அந்தக் கப்பலுக்குப் பலர் போவதே அதற்காகத்தான். அங்கே டக்ஸிடோ தேவை இல்லை, டையோடு கறுப்போ கருநீலமோ சூட் இருந்தால் போதும். தைத்தே ஆக வேண்டும் என்றால் டக்ஸிடோவை விட்டுவிட்டுக் கருநீல சூட் தைத்துக்கொள்ளுங்கள், பளபளக்கும் பட்டு காலர் வைத்த டக்ஸிடோவை நம் ஊரில் போட்டால் வீடியோ எடுக்க வந்தவர் என்று நினைத்துவிடுவார்கள்.

## வழி 2: வாடகைக் கோட்

புதுச்சேரியில் கல்யாணத்துக்குக் கோட் சூட், ஷெர்வானி வாடகைக்கு விடும் கடைகள் உண்டு. ஒரு நாள், இரண்டு நாள் வாடகை மலிவாகத்தான் தெரியும். ஆனால் கப்பல்காரருக்கு நாள் கணக்கு வேறு. கிளம்புவதற்கு முந்தின நாள் எடுக்க வேண்டும், சென்னைக்கு ஒரு பயணம், விமானம், ஒருவேளை சிங்கப்பூரில் ஒரு ராத்திரி தங்கல், அப்புறம் கப்பல், திரும்பி வருவது. நாலு ராத்திரிக் கப்பலுக்கு எட்டு நாள் வாடகை. போட்டுக்கொள்வதோ மூன்று மணி நேரம்!

அதோடு முன்பணம் கேட்பார்கள், கறை பட்டால் பிடித்துக்கொள்வார்கள், கப்பல் சாப்பாட்டில் சாஸ் தெறிக்காமல் இருக்குமா. விமானம் தாமதமானால் இன்னொரு நாள் வாடகை. கல்யாண வாடகைக் கோட் பெரும்பாலும் மின்னுகிற துணி, மெரூன், தங்கக் கரை, தோளில் கல் வேலை என்று இருக்கும், சாதாரணக் கறுப்பு கோட் உங்கள் அளவில் கிடைப்பது அதிர்ஷ்டம்.

இதைப் பரிந்துரைக்க எனக்கு ஒரு சந்தர்ப்பமும் தோன்றவில்லை. வேண்டுமானால், பிரான்ஸிலோ லண்டனிலோ உறவினர் வீட்டில் தங்கி அங்கிருந்து கப்பலேறுகிறவர்கள் அந்த ஊரிலேயே வாடகைக்கு எடுப்பது ஓரளவு கட்டுப்படியாகும், நாள் குறையும்.

## வழி 3: பீரோவில் தொங்கும் ரிசப்ஷன் கோட்

கல்யாணமான ஆம்பிளைகளில் பாதிப்பேரிடம் ஒரு கோட் இருக்கிறது, போட்டது ஒரே ஒரு ராத்திரி. அதை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை, தொப்பை போட்டுவிட்டதால். நல்ல தையல்காரர் தைத்ததாக இருந்தால் முதுகுத் தையலிலும் பேண்ட் இடுப்பிலும் உள்ளே துணி விட்டிருப்பார். பிரித்து ஒன்றரை, இரண்டு அங்குலம் வரை தளர்த்தலாம். தோள் பிடித்தால்தான் ஒன்றும் செய்ய முடியாது. முன்னால் பட்டன் போட வரவில்லை என்றாலும் பரவாயில்லை, திறந்துவிட்டே போடலாம், கப்பலில் பாதிப்பேர் அப்படித்தான் நிற்பார்கள்.

கிளம்பும் முன் ஒரு வாரம் நிழலில் காற்றாட விட்டு, பிரஷ் போட்டு, ஒரு டிரை வாஷ். பூசணம் பட்ட பழைய கோட்டுக்கு வெயில் காட்டாதீர்கள், தோள் பக்கம் நிறம் வெளுத்துவிடும். கறுப்பு, கருநீலம், கருஞ்சாம்பல் என்றால் டை கட்டிக் கூனார்டுக்கே எடுத்துப் போகலாம். மெரூன் வெல்வெட், ஜரிகைக் காலர் வகையறா என்றால் அங்கே சற்றுத் துருத்தித் தெரியும். ராயல் கரீபியனிலும் எம்.எஸ்.சியிலும் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள், இத்தாலிக்காரர்கள் அதைவிட மின்னிக்கொண்டு வருவார்கள்.

எடைச் செலவு முதல் வழியில் சொன்னதுதான். அதைக் குறைக்க ஒரே தந்திரம், கோட்டையும் ஷூவையும் விமானத்தில் போட்டுக்கொண்டே போவது. விமானக் குளிருக்கும் ஆயிற்று.

## வழி 4: நம்ம உடுப்பு

எனக்கு மிகவும் பிடித்த வழி இது, கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

புடவை. பட்டுப் புடவை எந்தக் கப்பலின் எந்த ராத்திரிக்கும் போதும், கூனார்டு காலா உட்பட. கவுனைத் தேடி ஆன்லைனில் அலைகிற பெண்களைப் பார்த்தால் எனக்குப் புரிவதே இல்லை, வேறு நாட்டுப் பயணிகள் வந்து நின்று புடவையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிற இடம் அது. ஏசி ஹாலிலும் தியேட்டரிலும் குளிர் பலமாக இருக்கும், பட்டு அதற்கும் தோது. ஆனால் மேல்தளத்தில் போட்டோ எடுக்கப் போனால் காற்றுக்கு முந்தானை நிற்காது, தோளில் இரண்டு ஊக்கு கூடுதலாகக் குத்துங்கள், மடிப்பிலும் ஒன்று. ஹீல்ஸ் வேண்டாம், கப்பல் ஆடுகிற ராத்திரியில் படிக்கட்டு இறங்குவது ஒரு வித்தை.

கஞ்சி போட்ட காட்டன் புடவையை எவ்வளவு பிடித்தாலும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், இஸ்திரி இல்லாத இடத்தில் அது பெட்டியிலிருந்து எடுக்கும்போதே கசங்கல் காகிதம். பட்டு, சாஃப்ட் சில்க், கிரேப் இவைதான் சரி. இப்போது நம் ஊர் பியூட்டி பார்லர்களிலேயே ப்ரீ ப்ளீட்டிங், பாக்ஸ் ஃபோல்டிங் செய்து தருகிறார்கள். முந்தானை மடிப்பும் கொசுவமும் முன்கூட்டியே எடுத்து, இஸ்திரி போட்டு, கிளிப் மாட்டிச் சதுரமாக மடித்துப் பெட்டியில் வைத்துக் கொடுப்பார்கள். கப்பல் அறையின் குளியலறை ஒரு ஆள் கையை நீட்டித் திரும்பினாலே சுவரில் இடிக்கும், அங்கே நின்றுகொண்டு கொசுவம் எடுப்பதை நினைத்துப் பாருங்கள். மடித்த புடவையைக் கட்ட ஐந்து நிமிஷம். கொடுக்கிற காசு தகும்.

மறைமுகச் செலவு புடவையில் இல்லை, நகையில் இருக்கிறது. கல்யாண நகையைப் பூட்டிக்கொண்டு வெளிநாடு போனால், திரும்பி வரும்போது அங்கே வாங்கியதில்லை என்று நிரூபிக்க வேண்டிய நிலை வரலாம், அதனால் போகும்போதே விமான நிலையத்தில் சுங்கத்துறையிடம் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த அலைச்சல் எதற்கு? சிதம்பரம் கவரிங் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. சாப்பாட்டு ஹாலின் வெளிச்சத்தில் எது தங்கம், எது கவரிங் என்று மாமியார் தவிர யாரும் கண்டுபிடிக்க முடியாது.

பந்த்கலா, நேரு கோட். ஆண்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான். கழுத்து வரை மூடின, முழுக்கை வைத்த கறுப்பு பந்த்கலா தேசிய உடைக் கணக்கில் வருவதால் கூனார்டிலும் செல்லும், டை கட்டவே வேண்டாம், டை கட்டத் தெரியாதவர்களுக்கு அதுவே பெரிய நிம்மதி. புதிதாக ஏதாவது தைத்துத்தான் தீருவேன் என்கிறவர் கோட் சூட்டுக்குப் பதில் இதைத் தைக்கலாம், அண்ணன் மகன் கல்யாணத்துக்கும் அதையே போடலாம். கையில்லாத நேரு கோட் இன்னும் லேசு, வெள்ளைச் சட்டை மேல் மாட்டிக்கொண்டால் ராயல் கரீபியன், எம்.எஸ்.சி, கார்னிவல் எல்லாவற்றுக்கும் தாராளம். நேரு வீதியின் துணிக்கடைகளில் ரெடிமேடாகவே தொங்குகிறது. கூனார்டு காலா ராத்திரிக்கு மட்டும் கையில்லாத கோட் குறைவாகத்தான் தெரியும்.

வேட்டி. இதில்தான் சண்டை. "வேட்டி நம்ம தேசிய உடைதானே, அதைத் தடுத்தா கேஸ் போடலாம்" என்று ஒரு பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனசில் இருந்தது 2014 விவகாரம். அந்த ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமனை வேட்டி கட்டி வந்ததற்காகச் சேப்பாக்கத்தில் ஒரு கிளப்பில் உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் போட்டது: வேட்டியைக் காரணம் காட்டித் தடுத்தால் உரிமம் ரத்து, ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். நல்ல சட்டம்தான். ஆனால் அது தமிழ்நாட்டுச் சட்டம், முள்ளோடையில் எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் வந்தாலே செல்லாது. கூனார்டு கப்பல்கள் பெர்முடாவில் பதிவானவை, ராயல் கரீபியன் பஹாமாஸ் கொடி, அங்கே போய் இதைப் பேசினால் சிரிப்பார்கள்.

அதனால் வேட்டி கூடாது என்று சொல்லவில்லை. கண்டிப்பில்லாத கப்பல்களில் பட்டு வேட்டி, முழுக்கைப் பட்டுச் சட்டை, காலில் ஷூவோ மூடின செருப்போ என்று போனால் பிரச்சினை இருக்காது. பிரச்சினை வேட்டியால் வருவதைவிடச் செருப்பால் வருவதுதான் அதிகம், ரப்பர் செருப்போடு போனால் வேட்டி இருந்தும் இல்லாமலும் ஒன்றே. கூனார்டுக்கு என்றால் முன்கூட்டியே நீங்கள் கட்டப்போகிற உடையின் படத்தை வைத்து மின்னஞ்சலில் கேட்டு, வருகிற பதிலைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள், வாசலில் நிற்கிற பையனோடு வாதாடுவதைவிட அது சுலபம். பழக்கமில்லாதவர்கள் ஒட்டிக்கோ வேட்டியும் பெல்ட்டும் எடுத்துப்போவது புத்திசாலித்தனம்.

வேட்டி நிஜமாகவே ஜெயிக்கிற ராத்திரி ஒன்று இருக்கிறது. மார்செய்யிலிருந்து மத்தியதரைக் கடலில் சுற்றும் எம்.எஸ்.சி, கோஸ்டா கப்பல்களுக்குப் பாரிஸ் பக்கம் இருக்கிற நம் புதுச்சேரி உறவுக்காரர்கள் அழைப்பதுண்டு. எம்.எஸ்.சியில் காலா ராத்திரி போக, எல்லாரும் வெள்ளையில் வர வேண்டிய ஒரு கொண்டாட்டமும் வழக்கமாக உண்டு. ஐரோப்பியர்கள் வெள்ளை பேண்ட் தேடி அலையும்போது வெள்ளை வேட்டி சட்டையில் நம் ஆள் போய் நின்றால் அந்த ராத்திரிக்கு அவர்தான் மாப்பிள்ளை. இஸ்திரி போட்டு அட்டையோடு வருகிற புது வேட்டியைப் பிரிக்காமல் அப்படியே பெட்டியில் வையுங்கள்.

சொல்தா குடும்பங்களுக்கு, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் வீடுகளுக்கு, இன்னொரு தகவல். கூனார்டு விதியில் ராணுவச் சீருடையும் ஏற்கப்படுகிறது. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 ஊர்வலத்துக்குப் பதக்கங்களைக் குத்திக்கொண்டு போகும் தாத்தாக்கள் இருக்கிற வீடுகளில், கருநிற கோட்டின் மேல் அதே பதக்கங்களைக் குத்திக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஓய்வு பெற்றவர் எப்போதெல்லாம் சீருடை போடலாம் என்பதற்கு ராணுவத்தின் விதி தனி, அந்தக் குழப்பம் இதில் இல்லை.

## வழி 5: அன்றைக்கு ராத்திரி பஃபே

எல்லாக் கப்பலிலும் ஃபார்மல் ராத்திரியிலும் பஃபே திறந்திருக்கும், அங்கே சாதாரண உடை போதும். ராயல் கரீபியனில் வின்ட்ஜாமர், குயீன் மேரி 2-ல் கிங்ஸ் கோர்ட். கூனார்டில்கூட பஃபே, பப் என்று கட்டுப்பாடு இல்லாத இடங்களை விட்டு வைத்திருக்கிறார்கள்.

கைக்குழந்தை, சீக்கிரம் சாப்பிட்டுப் படுக்கிற பெரியவர்கள், ராத்திரிக்குத் தயிர்சாதம் மாதிரி ஏதாவது இல்லாவிட்டால் தூங்காதவர்கள், இவர்களுக்கு இதுதான் சரி, வெட்கப்பட ஒன்றுமில்லை. மெயின் ஹாலில் உட்கார்ந்தால் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும், மூன்று வயசுப் பிள்ளை அதற்குள் மேஜையைக் கவிழ்த்துவிடும்.

இழப்பு என்ன என்றால், அந்த ராத்திரி மெனு மற்ற நாளைவிடக் கொஞ்சம் விசேஷமாக இருக்கும், ஏழு ராத்திரிப் பயணங்களில் சிங்கி இறால் வைக்கிற ராத்திரி பெரும்பாலும் அதுதான். சைவக்காரர்களுக்கு அந்த இழப்பும் கிடையாது. அறைக்கே வரவழைக்கலாம் என்று நினைப்பவர்கள் கவனியுங்கள், சில கப்பல்களில் அதற்குத் தனிக் கட்டணம். எல்லாரும் அலங்காரமாகச் சுற்றுகிற ராத்திரியில் அரைக்கால் டிரவுசரோடு நடுக்கூடத்தில் நிற்பது சிலருக்குக் கூச்சமாக இருக்கலாம், சிலருக்கு ஒன்றுமே இல்லை, அது உங்கள் சுபாவம்.

போட்டோ பற்றி ஒரு வார்த்தை. அன்றைக்கு மாடிப்படி அருகில் திரை கட்டிக் கப்பல் போட்டோகாரர்கள் நிற்பார்கள். நின்று எடுத்துக்கொள்ளக் காசில்லை, வாங்கினால்தான், அது ஒரு படம் இருபது டாலருக்கு மேல் போகும். பலருடைய ஃபார்மல் நைட் செலவில் கோட்டைவிடப் பெரிய தொகை இதுதான். உங்கள் போனிலேயே பக்கத்து மேஜைக்காரரை எடுக்கச் சொல்லுங்கள்.

## வழி 6: ஃபார்மல் நைட்டே இல்லாத கப்பல்

நார்வீஜியன், வைக்கிங், வர்ஜின் வாயேஜஸ். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வைக்கிங்கிலும் வர்ஜினிலும் பதினெட்டு வயசுக்குக் கீழே ஏற்றமாட்டார்கள், பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இரண்டும் அவுட். வர்ஜினில் கோட் இல்லை, ஆனால் எல்லாரும் சிவப்பு போடுகிற 'ஸ்கார்லெட் நைட்' இருக்கிறது, ஆக துணி யோசனை அங்கேயும் விடாது. உடைக்குப் பயந்து கப்பலை மாற்றினால் புறப்படும் துறைமுகம் மாறும், விமான டிக்கெட் மாறும், விசா மாறும், ஒரு கோட்டின் விலையைப்போலப் பல மடங்கு. வயசான தம்பதி, பிள்ளைகள் வெளியூரில், பணம் ஒரு பொருட்டில்லை, அமைதியாக ஊர் பார்த்தால் போதும் என்கிறவர்களுக்கு வைக்கிங் நன்றாகப் பொருந்தும். மற்றவர்கள் வழித்தடத்தையும் விலையையும் பார்த்துக் கப்பலைத் தேர்ந்தெடுங்கள், உடையை அதற்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சென்னையிலிருந்து எம்ப்ரஸ் கப்பலில் போகிறவர்களுக்கு இவ்வளவு ஆராய்ச்சியே வேண்டாம். 1990-ல் ராயல் கரீபியனுக்காகக் கட்டிய கப்பல் அது, இப்போது கார்டிலியா நிறுவனத்தின் கையில். 2022-ல் புதுச்சேரிக்கு அது வரும் என்றபோது கசினோவைச் சொல்லி இங்கே எழுந்த எதிர்ப்பு நினைவிருக்கும். பயணிகள் எல்லாம் நம் நாட்டுக்காரர்கள்தான், ஒரு நல்ல குர்தாவும் ஒரு பட்டுப் புடவையும் எடுத்துக்கொண்டால் முடிந்தது.

ரெட்டியார்பாளையத்துக் குடும்பத்துக்கு நான் சொன்னது இதுதான்: சிங்கப்பூரிலிருந்து ராயல் கரீபியன், நாலு ராத்திரி, அதில் ஒன்றே ஒன்று. அம்மாவுக்கு மடித்துத் தயாராக ஒரு சாஃப்ட் சில்க். அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை மேல் நேரு கோட், ஆபீஸுக்குப் போடுகிற ஷூ. பிள்ளைகளுக்குக் கோட் தைப்பது காசைக் கடலில் போடுவது, அடுத்த வருஷம் கை முழங்கை வரை ஏறிவிடும். முழுக்கைச் சட்டை, கறுப்பு பேண்ட், பள்ளிக்கூடத்து கறுப்பு ஷூ போதும். பாலீஷ் மட்டும் ஊரிலேயே போட்டுவிடுங்கள்.